அடுக்களைக்கு ஓர் அகராதி

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் கிராமத்தில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் தொகுத்த ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ 1982ல் வெளிவந்தது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத ஒரு சம்சாரி, தன்னைச் சுற்றியிருந்தவர்களின் வாயில் புழங்கிய சொற்களைக் கேட்டு, நண்பர்களின் உதவியோடு சேர்த்து, அவை எந்த இடத்தில் எப்படிப் பயன்படுகின்றன என்பதையும் குறித்துவைத்தார். அதன் பிறகுதான் கொங்கு நாட்டுக்கும் நடுநாட்டுக்கும் அப்படிப்பட்ட அகராதிகள் வந்தன. அவற்றைத் தொகுத்த பெருமாள்முருகனும் கண்மணி குணசேகரனும் புனைகதை எழுத்தாளர்கள். ஊர்ப்பேச்சு அச்சேறத் தகுந்தது என்ற எண்ணம் தமிழில் நிலைபெற அந்த ஒரு நூல் பெரிய காரணம். அதே கரிசல் மண்ணின் அடுக்களைக்கு இப்படி ஒரு பதிவு இன்னும் இல்லை. அதை எந்த நிறுவனமும் வந்து செய்துதரப் போவதில்லை. வீடுகள்தான் செய்ய வேண்டும். வீட்டில் எழுதப்படும் சமையல் நோட்டுதான் அதற்குச் சரியான வடிவம் என்பதும், ஆனால் இன்று அந்த நோட்டுகள் எழுதப்படும் முறையை மாற்றினால்தான் அது நடக்கும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். பொருளும் அளவும் மட்டும் எழுதிய நோட்டு ஒரு பண்டத்தைக் காப்பாற்றாது. மழை, மண், தவசம், விறகு, பாத்திரம், செய்தவர், உண்டவர் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பக்குவம். அவற்றைச் சேர்த்து எழுதுவதே பக்குவத்தை எழுதுவது.

பழைய டைரியிலோ பள்ளிக்கூட நோட்டிலோ எழுதி, மாத இதழ்களின் சமையல் இணைப்புகளிலிருந்து கத்தரித்தவற்றை இடையிடையே ஒட்டிய ஏடுகள் பல வீடுகளில் உண்டு. அவற்றைப் புரட்டினால் ஒரு பொதுத்தன்மை தெரியும். அதிரசப் பாகுபதம், முறுக்குக்கு அரிசியும் உளுந்தும் எந்த விகிதம், மைசூர்பாகு, ஊறுகாய், எங்கோ கேட்டு எழுதிய கேக் என்று விசேஷப் பண்டங்கள்தான் அவற்றில் நிறைந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை செய்வதால் மறந்துபோகும், ஆகவே எழுதிவைக்கிறோம் என்பது அதன் நியாயம். தினம் செய்ததை யாரும் எழுதவில்லை. தினம் செய்வது மறக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. கரிசல் காட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதிரசமும் முறுக்கும் இன்று எந்தப் பலகாரக் கடையிலும் கிடைக்கின்றன. அன்றாடம் மூன்று வேளையும் உண்ட கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு ஆகியவற்றை மண்ணும் உரலும் அறிந்து ஆக்கிய கைகள்தான் அரிதாகிவிட்டன. எல்லோருக்கும் தெரிந்ததே முதலில் தொலைகிறது, ஏனென்றால் அதைக் காக்கும் பொறுப்பு தனியாக யாருக்கும் இல்லை. குடும்ப நோட்டை இனித் தொடங்குகிறவர்கள் பண்டிகையிலிருந்து தொடங்காமல் செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கம்மஞ்சோற்றையே எடுத்துக்கொள்வோம். கம்பு, தண்ணீர், உப்பு என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். உண்மையில் கம்பில் நீர் தெளித்துப் பிசிறி, உரலில் இட்டு இடித்து, சுளகில் புடைத்துத் தவிட்டை நீக்கி, மறுபடியும் இடித்து, குருணையையும் மாவையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் குருணை முதலில் போகும். அது வெந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றி, அடிபிடிக்காமல் கிண்டி இறக்க வேண்டும். ஆறியதை உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். கடித்துக்கொள்ள மோர் மிளகாயோ சீனியவரைக்காய் வத்தலோ இருக்கும். இத்தனையும் எழுதினாலும் ஒன்று விட்டுப்போகிறது. கம்பில் அரிசியைவிடக் கொழுப்பு கூடுதல். மாவாக அரைத்ததும் அந்தக் கொழுப்பு சிதையத் தொடங்கி, சில நாட்களிலேயே மாவில் சிக்கு வாடையும் கசப்பும் ஏறிவிடும். கம்பை மாவாக்கி வைக்காமல் அன்றன்றைக்கு இடித்த பழக்கத்தின் பின்னால் இந்த அறிவு இருந்தது. பெண்களின் தோளை ஒடித்த உழைப்பும் அதே பழக்கத்தில் இருந்தது. இந்த ஒரு குறிப்பு இல்லாத நோட்டை வைத்துக்கொண்டு, கடையில் எப்போதோ அரைத்துப் பொட்டலம் கட்டிய மாவில் பேத்தி கம்மஞ்சோறு ஆக்கினால் அது கசக்கும். ஆச்சி ருசியென்று சொன்னது வெறும் பழைய ஞாபகம் என்று அவள் முடிவுகட்டுவாள். பிழை ஆச்சியின் நாக்கிலும் இல்லை, பேத்தியின் கையிலும் இல்லை. காரணத்தை எழுதாமல் பண்டத்தை மட்டும் எழுதிய நோட்டில் இருக்கிறது.

அதலைக்காய் இதைவிடத் தெளிவான சான்று. பாகல் இனத்தைச் சேர்ந்த இந்தச் சிறு காய் கரிசல் மண்ணில் தானாகப் படரும் கொடியில் காய்ப்பது. கோடையெல்லாம் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை விழுந்ததும் துளிர்த்துக் கொடியோடிக் காய்க்கும். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துச் சந்தைகளில் சில வாரங்கள் மட்டும் கண்ணில் படும். பறித்ததை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது, முற்றினால் வெடித்துவிடும். காம்பையும் நுனியையும் கிள்ளி முழுக்காயாக வதக்குவார்கள். இதன் செய்முறை ஐந்து நிமிட வேலை. ஆனால் எந்த மழைக்குப் பிறகு, எந்தக் காட்டில், எந்தப் பருவத்துப் பிஞ்சைப் பறிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பொரியலின் முக்கால் பங்கு அறிவு. களைக்கொல்லி அடிக்கிற புஞ்சையில், களையோடு களையாக முளைக்கும் அதலைக்கு இடமில்லை. கொடி போன பிறகு செய்முறை மட்டும் இருந்து பயனில்லை. மாறாக, செய்முறையோடு அந்தப் புஞ்சையின் பெயரும், கடைசியாகக் கிடைத்த ஆண்டும் எழுதப்பட்டிருந்தால், ஒரு குடும்பத்தின் சமையல் நோட்டு அந்த நிலத்தின் தாவரக் குறிப்பேடாகவும் ஆகிறது. மிதுக்கங்காய் வத்தலுக்கும், மழைக்குப் பின் வரப்பில் முளைக்கும் கீரைகளுக்கும் இது பொருந்தும். அவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காணத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் களையெடுக்கப் போன பெண்கள். அவர்கள் அறிந்தது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இந்த மண்ணின் கணக்கு அப்படிப்பட்டது. ஆண்டுச் சராசரி மழை சுமார் 700 மில்லிமீட்டர்; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் இந்தக் கறுப்பு மண் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பாசியும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளைந்தன. கோவில்பட்டியில் 1901லேயே அரசு வேளாண் பண்ணை அமைந்து, இன்றும் மானாவாரிப் பயிர்களுக்கான ஆராய்ச்சி நிலையமாக இயங்குகிறது. விதைக்கு இவ்வளவு காலமாகப் பதிவேடு உண்டு. அந்த விதை சோறானதற்குப் பதிவேடு இல்லை. இதற்கிடையில் சாப்பாடு மாறிவிட்டது. 1923ல் சிவகாசியில் வேர்விட்ட தீப்பெட்டித் தொழில் கோவில்பட்டி வரை பரவி, பெண்களின் பகல் பொழுதை எடுத்துக்கொண்டது. உரலுக்கு முன் நிற்க நேரமில்லை. பண்டிகைச் சோறாக இருந்த நெல்லுச் சோறு ரேஷன் கடை வழியே அன்றாடமானது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமலே வந்தது. புஞ்சைகளில் கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளம் பரவியது. இவற்றில் பலவும் மக்களுக்கு நன்மை செய்த மாற்றங்கள். பசியைத் தீர்த்த அரிசியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்குள் ஒரு முழு உணவு முறை இடம் மாறியபோது, மாறியதை யாரும் எழுதிவைக்காதது இழப்புத்தான். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கம்பும் குதிரைவாலியும் நகரத்துக் கடைகளுக்கு அழகிய உறைகளில் திரும்பி வந்தன. கூடவே வந்த செய்முறைகள் பெரும்பாலும் தோசையும் பிஸ்கட்டும் புலாவும்தான். தானியம் திரும்பி வந்தது, அதை ஆக்கும் அறிவு திரும்பவில்லை.

ஒரு பண்டத்தை அதன் மண்ணோடு சேர்த்துத்தான் வரையறுக்க முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட சான்று கோவில்பட்டியிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1940களில் சிறு கடைகளில் தொடங்கிய இந்தப் பண்டத்துக்கு அந்தத் தகுதியைத் தருவதற்கு, நிலக்கடலையும் வெல்லமும் என்று எழுதிக்கொடுத்தால் போதவில்லை. கரிசலில் விளையும் கடலை, குறிப்பிட்ட ஊர்களிலிருந்து வரும் வெல்லம், தாமிரபரணித் தண்ணீர், பாகு காய்ச்சும் முறை, தொழிலின் வரலாறு என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் அதைக் கோவில்பட்டிக்கு உரியதென்று நிலைநாட்ட முடிந்தது. அந்த விண்ணப்பத்தை ஒரு சமையல் நோட்டின் ஒரு பக்கமாக வாசிக்கலாம். நான் முன்வைக்கும் முறையில் எழுதப்பட்ட பக்கம் அது. விற்பனைக்கு வருவதால் கடலைமிட்டாய்க்கு இந்தப் பதிவு கிடைத்தது. விற்பனைக்கு வராத உளுந்தங்களிக்கும், புளிச்சாற்றுக்கும், காணத் துவையலுக்கும் அப்படி விண்ணப்பம் எழுத வணிகர் சங்கம் கிடையாது. அவற்றின் உரிமையாளர்கள் வீட்டிலிருப்பவர்கள். ஆகவே அந்தப் பக்கங்களை எழுத வேண்டியவர்களும் அவர்களே.

வீட்டுக்குள் எழுதியது நாட்டுக்கே பயன்பட்ட முன்னுதாரணம் தமிழில் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளிடம் வெளியூர் உறவினர்கள் கடிதம் எழுதிச் செய்முறை கேட்பார்கள். அவரும் எழுதி அனுப்புவார். இதை நூலாகவே எழுதலாமே என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் தூண்ட, 1951ல் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. கடல் கடந்து போன குடும்பங்களின் பெட்டிகளில் அந்தப் புத்தகம் பயணம் செய்தது. இன்றும் அச்சில் இருக்கிறது. அவருடைய பெரிய சாதனை, சொல்லாமல் விடப்படும் படிகளைச் சொன்னதுதான்: எது முதலில், எது பிறகு, எவ்வளவு தண்ணீர், எந்தப் பதம். சமைக்கவே தெரியாதவரை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினார். அந்தப் பொறுமையைக் கரிசல் நோட்டு கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அது அரிசியும் பருப்பும் நெய்யும் நிலையாகக் கிடைக்கும் ஒரு சைவ அடுக்களையின் நூல். அங்கே மழை தவறினால் என்ன ஆக்குவது என்ற கேள்விக்கு இடமில்லை. அச்சில் வந்த சமையல் தமிழ்ச் சமையலாகவே கொள்ளப்பட்டதால், அச்சில் வராத அடுக்களைகள் இல்லாதவையாக ஆகிவிட்டன. சமையல் நூல்கள் ஒரு சமூகத்தின் உணவுக்கு முகம் தருகின்றன என்பதை அர்ஜுன் அப்பாதுரை 1988ல் இந்தியச் சமையல் புத்தகங்களை ஆராய்ந்த கட்டுரையில் விரிவாகக் காட்டினார். எழுதியவர்களின் முகமே அது என்பதுதான் கரிசல் வீடுகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எழுதும் முறையில் முதல் சிக்கல் அளவு. உழக்கு, நாழி, படி, மரக்கால் என்று பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. 1956ல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்து, பின்னர் சந்தையில் கிலோ நிலைத்தபோதும் வீட்டுக்குள் உழக்கு நீடித்தது. இப்போது உழக்கும் பரணில் ஏறிவிட்டது. ‘ஒரு உழக்கு உளுந்து’ என்று நோட்டில் இருந்தால் அது எந்த உழக்கு என்று கேட்க ஆள் இல்லாத காலம் வரும். ஆகவே அந்த வீட்டு உழக்கில் தவசத்தை நிரப்பி, தராசில் வைத்து, எத்தனை கிராம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். பாட்டியின் கைப்பிடி உப்பையும் அப்படியே அளக்கலாம்: அவர் அள்ளிப் போடும் முன் ஒரு கிண்ணத்தில் வாங்கி நிறுத்துப் பார்த்தால் போதும். பழைய அளவை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதிய அளவை எழுத வேண்டும். அடுப்புக்கும் இது பொருந்தும். பருத்திமார் சட்டென்று பற்றி எரிந்து அடங்கும். வேலிக்கருவை விறகு நின்று எரிந்து கங்காகும். எந்த விறகில் எந்தக் குழம்பு வைத்தார்கள் என்று தெரிந்தால், எரிவாயு அடுப்பில் எப்போது தீயைக் குறைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். மண்சட்டியா, வெண்கலமா, அலுமினியமா என்பதும் ஒரு வரியில் அடங்கும் செய்திதான்; அந்த வரி இல்லாவிட்டால் புளி சேர்த்த குழம்பின் ருசி ஏன் மாறியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, பெயர். நம் வம்சாவளிகள் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண் வழியாகப் போகின்றன. கல்யாணப் பத்திரிகை தொடங்கிச் சொத்துப் பத்திரம் வரை அப்படித்தான். பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இரண்டு தலைமுறைக்கு மேல் நினைவில் நிற்பதில்லை. ஆனால் அடுக்களையின் வழி அம்மாவிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் போகிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்து கரிசலுக்கு வாழ்க்கைப்பட்டவள் உளுந்தஞ்சோற்றையும் எள்ளுத் துவையலையும் கொண்டுவருகிறாள்; தேரிக்காட்டிலிருந்து வந்தவள் கருப்பட்டியின் தரம் பார்க்கத் தெரிந்துகொண்டு வருகிறாள்; கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவள் கருவாட்டைப் பக்குவம் பார்ப்பவளாக வருகிறாள். அவர்கள் சமைத்தது இந்த மண்ணின் தவசத்தோடு கலந்து, அந்த வீட்டுக்கே உரிய ருசியாகிறது. ஒவ்வொரு பக்குவத்தின் தலைப்பிலும் அதைக் கொண்டுவந்தவரின் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார் என்ற மூன்றையும் எழுதினால், அந்த நோட்டு ஒரு குடும்பத்தின் பெண்வழி வரலாறாகிறது. இந்த வரலாற்றை எழுத நம்மிடம் வேறு ஆவணம் ஏறக்குறைய இல்லை. சமையல் நோட்டைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இழப்பது இதைத்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கைப்பக்குவத்தை எழுத முடியாது என்பது முதல் மறுப்பு. அதில் பாதி உண்மை. உளுந்தங்களி கிண்டும்போது கருப்பட்டிப் பாகோடு மாவு சேர்ந்து இறுகுவதைத் துடுப்பின் கனத்தில்தான் அறிய வேண்டும். ஆனால் இறக்கும் பதம் வந்துவிட்டதா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. இது எழுதக் கூடிய அறிவு. நல்லெண்ணெயை எப்போது சுற்றிலும் விடுவது, கருப்பட்டியைக் கரைத்து ஏன் வடிகட்ட வேண்டும், வயசுக்கு வந்த பெண்ணுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பவையும் அப்படியே. நிறம், மணம், கொதிக்கும் ஓசை, கரண்டியிலிருந்து விழும் விதம் என்று சமைப்பவர்கள் நம்பும் அடையாளங்கள் யாவும் சொல்லில் அடங்குபவை. கேட்பவர்கள் கேட்காததால்தான் அவை சொல்லப்படவில்லை. கரிசல் அகராதியும் ஒரு சொல்லை உச்சரிக்கும் இழுவையைத் தாளில் கொண்டுவந்துவிடவில்லை. அதற்காக அகராதி வீணாகிவிடவில்லை. எழுத முடிந்ததையெல்லாம் எழுதிவிட்டால், கையிலிருந்து கைக்கு மட்டுமே போக வேண்டியது எவ்வளவு என்பது தெளிவாகும். அதைக் கற்க வேண்டியவர் எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்பது இரண்டாவது. காணொளியின் பயனை நான் மறுக்கவில்லை. கை அசைவைத் தாளைவிட அது நன்றாகக் காட்டும். ஒவ்வொரு வீடும் தன் மூத்தவர்கள் சமைப்பதைச் செல்பேசியில் பதிவுசெய்து நோட்டோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் இணையத்தில் தேட, தேடப்படும் பண்டத்தின் பெயர் முதலில் தெரிந்திருக்க வேண்டும். பெயரே கேள்விப்படாத பிள்ளை எதைத் தேடுவான்? தவிர, பொதுவாகக் காட்டப்படும் செய்முறை யார் வீட்டுக்கும் பொருந்தும்படி சராசரியாக்கப்பட்டது. புளிச்சாற்றில் ஒரு வீட்டில் மட்டும் ஏன் பூண்டு சேர்ப்பதில்லை, இன்னொரு வீட்டில் மார்கழியில் மட்டும் ஏன் அதைச் செய்வதில்லை என்பதைக் காணொளி சொல்லாது. அந்த வேறுபாடுகள்தான் ஒரு குடும்பத்தின் சமையலை அந்தக் குடும்பத்தினுடையதாக்குகின்றன.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. கம்மங்கூழும் சோளச்சோறும் ஏழ்மையின் உணவு; அதைக் கொண்டாடுவது பட்டினியை அலங்கரிப்பது; தவிர, குடும்பச் சமையல் என்பதே சாதிச் சமையல்தானே என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் முதல் பின்னாளைய வறட்சிகள் வரை, புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்ற நினைவு இந்தப் பக்கத்து மக்களின் பேச்சில் தொடர்ந்தது. அதை ஆரோக்கிய உணவென்று விற்பது அவமதிப்பு. ஆனால் அதை எழுதாமல் விடுவதும் அவமதிப்பே. இரண்டாம் உலகப் போரின்போது, பிராக் நகருக்கு அருகிலிருந்த டெரெசின் முகாமில் அடைபட்டிருந்த யூதப் பெண்கள், பசியால் வாடிக்கொண்டே தங்கள் வீட்டுப் பலகாரச் செய்முறைகளை நினைவிலிருந்து எழுதினார்கள். அவர்களில் ஒருவரான மினா பெக்தர் 1944ல் அங்கேயே இறந்தார். அவர் மகளிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த தாள்கள் ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு நியூயார்க்கில் மகளின் கைக்கு வந்தன, 1996ல் நூலாயின. அந்தச் செய்முறைகளில் சில அரைகுறையானவை. அவற்றை வைத்து அப்படியே சமைக்க முடியாது. பசித்தவர்கள் யார், எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்பதை அவை சொல்கின்றன. கரிசல் வீட்டு நோட்டும் அப்படி நேர்மையாக இருக்கட்டும்: எந்த ஆண்டில் கூழ் மட்டும் இருந்தது, யார் கடைசியாகச் சாப்பிட்டார், யாருக்கு வண்டல் மிஞ்சியது என்பதையும் எழுதட்டும். தவசத்தைக் கூலியாகப் பெற்றவர் யார், கொடுத்தவர் யார், எந்த வீட்டுத் திண்ணையில் எந்தப் பாத்திரத்தில் வாங்கி உண்டார்கள் என்பதும் சமையல் குறிப்பின் பகுதிதான். தவசம் அளந்த வீட்டின் நோட்டும் அதை வாங்கிய வீட்டின் நோட்டும் இரண்டும் எழுதப்பட்டால்தான் கரிசல் உணவின் முழு உண்மை கிடைக்கும். ஒன்று மட்டும் இருந்தால் அது ஒரு தரப்பின் வாக்குமூலம்.

எழுதினால் பக்குவம் உறைந்துவிடும், மாறுவதுதானே சமையலின் உயிர் என்பது கடைசி மறுப்பு. நம் ஏட்டு மரபு இதற்குப் பதில் சொல்கிறது. பனையோலைச் சுவடி சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆகவே தலைமுறைதோறும் படியெடுத்தார்கள். படியெடுத்தவர்கள் திருத்தினார்கள், சேர்த்தார்கள், சில வேளை பிழையும் செய்தார்கள். அப்படி வளர்ந்தும் திரிந்தும்தான் நூல்கள் நம்மிடம் வந்தன. வீட்டு நோட்டையும் படியெடுக்க வேண்டிய ஏடாகவே கொள்ளலாம். வலப்பக்கத்தில் பழைய பக்குவத்தை எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விட்டால், அடுத்தவர் தான் மாற்றியதைத் தேதியிட்டு எழுத முடியும்: குக்கரில் எத்தனை விசில், கருப்பட்டி கிடைக்காத ஊரில் எதைப் போட்டேன், ஆண்பிள்ளை சமைத்தபோது எது தவறியது. பழையதை அழிக்காமல் புதியது சேரும். எழுதும் வேலையும் பெண்கள் தலையிலேயே விழுமே என்றால், விழக் கூடாது. சமைத்தவர் சொல்ல, உண்டவர் எழுதுவதே முறை. இத்தனை காலம் உட்கார்ந்து சாப்பிட்ட ஆண்கள் பேனாவோடு அடுக்களையில் நின்று கேள்வி கேட்டு எழுதினால், நோட்டு நிறைவதோடு அவர்களுக்கும் சமைக்கத் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒட்டப்பட்ட பத்திரிகைத் துண்டுகள் பழுத்துப் பொடியாகும். அவற்றில் உள்ளதை நல்ல தாளில் கையால் எழுதிக்கொண்டு, துண்டை நகலெடுத்து வைக்க வேண்டும். கடிதத்தில் வந்த செய்முறை இருந்தால் கடிதம் முழுவதையும் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் செய்முறைக்கு முன்னும் பின்னும் எழுதிய நலவிசாரிப்பிலும் அந்தக் காலம் இருக்கிறது. ஒவ்வொரு பக்குவத்துக்கும் பொருள், அளவு, முறை, அடையாளம், மழைக்காலமா கோடையா, கொண்டுவந்தவர், உண்டவர், மாற்றியவர் என்று எட்டு தலைப்புகள் போதும். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் வீட்டில் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போட நியாயமே இல்லை. கம்பு இடித்துப் புடைத்து ஆக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை அவர்கள்தான். நோட்டு முடிந்ததும் குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று ஊரில் இருப்பவருக்கு, ஒன்று சென்னைக்கோ துபாய்க்கோ போனவருக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு. கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் மணிமண்டபம் எழுப்பியிருக்கிறோம். அவருடைய வேலையைத் தொடர்வது அதைவிடப் பெரிய மரியாதை. நூறு வீடுகளின் நோட்டுகள் ஓர் இடத்தில் சேர்ந்தால், கரிசல் மக்கள் எதை விளைத்தார்கள், எதை உண்டார்கள், எதற்குப் பசித்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்பதை அவர்கள் சொல்லாலேயே படிக்கலாம். வேறு எவரும் அவர்களுக்காக அதை எழுதித் தர முடியாது.